புழுவுக்கும் ஒரு பங்கு

தோட்டம் வைப்போர் பெரும்பாலும் தமக்காகவே வைக்கின்றனர். காய்கறித் தோட்டம் வயிற்றுக்கு. பூந்தோட்டம் கண்ணுக்கும் கடவுளுக்கும். இவ்விரண்டினும் வேறான மூன்றாவது தோட்டமும் ஒன்றுண்டு. அதனை வைப்பவன், தான் நீர் வார்த்து வளர்த்த இலையைப் பிறர் தின்னக் கொடுத்துவிட்டு, தின்றவர் சிறகு முளைத்துத் திரும்பி வருவரோ வாராரோ என்று காத்திருப்பவன். வண்ணாத்திப்பூச்சித் தோட்டம் அத்தகையது. வெயில் கொளுத்தும் எமது வடபகுதியிலே இதனை எங்ஙனம் உண்டாக்கலாம், எங்ஙனம் பேணலாம் என்பதைப் பற்றி, ஏழாண்டுக் கால அனுபவத்தைத் துணையாகக் கொண்டு ஈண்டுச் சில கூற விழைகின்றேன்.

என் காணி வலிகாமத்துச் செம்மண் நிலத்தில் இரண்டு பரப்பு விரிவுள்ளது. ஆசிரியத் தொழிலினின்றும் ஓய்வு பெற்றபின், அதிலே ஒரு பரப்பை இப்பூச்சிகளுக்கென ஒதுக்கினேன். ஒதுக்கினேன் என்று சொல்லுகின்றேனே யன்றி, பெரிய செலவு எதுவும் செய்தேனில்லை. வேண்டிய செடிகளிற் பாதி வேலியோரத்திலே முன்னமே நின்றன. அவற்றை வெட்டாமல் விட்டதே முதல் வேலையாயிற்று.

வண்ணாத்திப்பூச்சி வரவேண்டுமாயின் பூ வைத்தாற் போதும் என்பது பொதுவான எண்ணம். அதனாற் பலர் நிறத்தைப் பார்த்துக் கன்று வாங்குகின்றனர். அடுக்குச் செவ்வரத்தையும் அடுக்கு ரோசாவும் முற்றத்தை நிறைக்கின்றன. இதழ்கள் அடுக்கடுக்காகப் பெருகிய அத்தகைய பூக்களிலே தேன் குறைவு. இருக்கும் தேனையும் உறிஞ்சுகுழல் எட்டுவது அரிது. நமது பழைய வெட்சியும், பட்டிப்பூவும், எவரும் நட்டு வளர்க்காத கிணற்றடிப் பூண்டும் விருந்தோம்பலில் அவற்றினும் மேலானவை. வெட்டுக்காயப் பூண்டு என்று சிறுவர் அறிந்திருக்கும் அச்சிறு செடியின் பூவிலே, காலை வேளையில் நான் கண்ட பூச்சி வகைகளை விலைகொடுத்து வாங்கிய எந்தப் பூவிலும் கண்டதில்லை.

ஆனாற் பூ என்பது வழிப்போக்கனுக்கு வைத்த தண்ணீர்ப் பந்தல் போன்றதே. குடித்தவன் தன் வழியே போய்விடுவான். குடியிருக்க வேண்டுமாயின் பிள்ளைக்குச் சோறு வேண்டும். அந்தச் சோறு இலை. எந்த இலையும் ஆகாது; ஒவ்வோர் இனத்துக்கும் உரிய இலை ஒன்றோ சிலவோ உண்டு. பெண் பூச்சியின் முன்னங்கால்களிலே சுவையறியும் நுண்ணுறுப்புக்கள் அமைந்துள்ளன. அது இலைமீது இறங்கிக் கால்களால் விரைந்து தட்டிப் பார்க்கின்றது. தன் குஞ்சுக்கு ஏற்ற இலையென்று கண்டாலன்றி முட்டை இடுவதில்லை. ஆதலால், தோட்டம் அமைப்போன் முதலிற் கேட்க வேண்டிய கேள்வி, எந்தப் பூ அழகானது என்பதன்று. எந்தப் புழுவுக்கு எந்த இலை என்பதே கேள்வி.

இதற்கு விடை எமது கோடிப்புறத்திலேயே கிடைக்கின்றது. தேசியிலும் கறிவேப்பிலையிலும் இருவகை வண்ணாத்திப்பூச்சிகள் முட்டையிடுகின்றன. அன்னமுன்னா மரத்தில் இன்னொரு வகை வளர்கின்றது. கருஞ்சிறகிற் பச்சைப் புள்ளிகள் தெளித்தாற்போன்றது அது. ஆமணக்கிலே செங்கபில நிறத்துச் சிறு பூச்சி ஒன்று. அகத்தியிலே மஞ்சட் சிறுபூச்சி. எருக்கலையிலே செம்மஞ்சட் சிறகும் கரிய ஓரமும் உடையது. மாமரத்தின் மேலே நாம் சபித்துக்கொண்டு வெட்டியெறியும் குருவிச்சையிலும் ஒன்று பிழைக்கின்றது. மேற்புறம் வெண்மையும் கீழ்ப்புறம் மஞ்சளும் சிவப்பும் தீட்டிய அப்பூச்சியின் அழகுக்கு ஈடு சொல்வது கடினம். மாமரத்துக்குத் தீங்கு வாராதபடி, காயாத வேலி மரத்தில் ஒரு கொத்துக் குருவிச்சையை மட்டும் விட்டுவைத்துள்ளேன்.

தேசியில் வளரும் புழுவின் வரலாற்றை மாணாக்கர் ஒவ்வொருவரும் ஒருமுறையேனும் கண்ணாற் காண வேண்டும். தளிரிலே சிறு முத்துப்போல் இட்ட முட்டை மூன்று நான்கு நாளிற் பொரிகின்றது. வெளிவந்த புழு கருமையும் வெண்மையும் கலந்து, குருவி எச்சம்போலத் தோன்றும். எச்சத்தை எந்தக் குருவி கொத்தும்? வளர்ந்து பெருத்தபின் அவ்வேடம் பொருந்தாதாகையால் இலைப்பச்சை நிறத்தைப் பூணுகின்றது. தொட்டுச் சினமூட்டினால் தலைக்குப் பின்னிருந்து கவைபோன்ற செந்நிற உறுப்பொன்று புறப்பட்டு நெடி வீசும். பின்பு ஒரு கொம்பிலே நூலால் இடுப்பைக் கட்டிக்கொண்டு கூட்டுப்புழு ஆகின்றது. முட்டை முதற் சிறகு வரை எமது வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு மாதம். தமிழகத்து ஆர்வலர் இதற்கு எலுமிச்சை அழகி என்று பெயர் வழங்குகின்றனர். எருக்கலைப் பூச்சியை வெந்தய வரியன் என்கின்றனர். எமது ஊரிலோ எல்லாவற்றுக்கும் வண்ணாத்திப்பூச்சி என்ற ஒரே பெயர்தான். இலங்கையிலே இருநூற்று நாற்பதுக்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன. அத்தனைக்கும் ஒரு பெயர் போதுமா என்பதைத் தமிழாசிரியர் சிந்திப்பாராக.

வேலியிற் படரும் ஈச்சுரமூலிக் கொடியின் கதை இன்னும் விந்தையானது. அதன் இலையில் நஞ்சுண்டு. அந்நஞ்சைத் தின்று வளரும் புழு அதனைத் தன் உடலிற் சேமித்து, சிவந்த உடலும் கருஞ்சிறகில் வெண்மை செம்மைக் குறிகளும் உடைய பூச்சியாகின்றது. உடற் சிவப்பே எச்சரிக்கை. ஒருமுறை கொத்திய பறவை மறுமுறை நெருங்குவதில்லை. கறிவேப்பிலையில் வளரும் இனத்துக்கோ இத்தகைய நஞ்சு இல்லை. எனினும் அதன் பெண்களுட் சில ஆணைப்போலவே தோன்ற, வேறு சில ஈச்சுரமூலிப் பூச்சிகளைப் பார்த்து எழுதினாற்போலச் சிவப்புக் குறிகளோடு பிறக்கின்றன. நஞ்சில்லாதது நஞ்சுள்ளதன் சட்டையை அணிந்து பிழைக்கும் இவ்வகை ஒப்புமையை, அமேசன் காட்டுப் பூச்சிகளைக் கொண்டு 1862ஆம் ஆண்டில் விளக்கியவர் ஹென்றி வோல்ற்றர் பேற்ஸ். மலாய்த் தீவுகளிலே ஆராய்ந்த வொலஸ், கறிவேப்பிலைப் பூச்சியின் வெவ்வேறு தோற்றமுள்ள பெண்கள் யாவும் ஓரினமே என்பதை 1865இல் எடுத்துக்காட்டினார். ஒரே ஒரு மரபணுவே இச்சட்டை மாற்றத்தை ஆளுகின்றது என்ற செய்தி 2014இல் வெளியாயிற்று. இத்தனை பெரிய வரலாற்றின் பாத்திரங்கள் இரண்டும் எமது கறிவேப்பிலை மரத்துக்கும் வேலிக்கொடிக்கும் இடையே நாள்தோறும் பறந்து திரிகின்றன. ஒன்றை மட்டும் மறவாது சொல்லுதல் வேண்டும்: ஈச்சுரமூலியை மருந்தென்று எவரும் உட்கொள்ளற்க; அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். எருக்கலைப் பால் கண்ணிற் படாதபடி சிறுவரையும் காத்தல் வேண்டும்.

வெள்ளையர் காலத்திலே இப்பூச்சிகளைப் பற்றி ஆங்கிலத்தில் அரிய நூல்கள் வெளிவந்தன. 1880 முதல் 1887 வரை மூன்று தொகுதிகளாக வந்த பிரெடறிக் மூரின் நூலுக்குப் படம் வரைந்தவர்கள் டி அல்விஸ் குடும்பத்து இலங்கை ஓவியர்களே. பூச்சியை மட்டுமன்றி, புழுவையும் அது தின்னும் செடியையும் பார்த்து வரைந்தனர் அவர்கள். ஊசியிற் குத்திப் பெட்டியில் அடைத்த பூச்சியைவிட, இலைமேல் இருக்கும் பூச்சியே கல்வி தருவது என்பதற்கு அவர்தம் தூரிகை சான்று.

இனி, வெப்பநாட்டுக்கு உரிய சில முறைகளைக் கூறுவேன். குளிர்நாட்டு நூல்கள், நாள் முழுதும் வெயில் விழும் இடத்திலே தோட்டத்தை அமைக்கச் சொல்லுகின்றன. அந்த உபதேசம் எமக்குப் பொருந்தாது. வண்ணாத்திப்பூச்சி தன் உடற் சூட்டைத் தானே உண்டாக்கும் ஆற்றல் குறைந்தது; காலையிற் சிறகு விரித்து வெயில் காய்ந்தபின்னே பறக்கின்றது. அதே பூச்சி சித்திரை வைகாசி நண்பகலில் இலைக்கடியில் ஒடுங்கிவிடுகின்றது. ஆகவே கிழக்குத் திறந்திருக்க வேண்டும். மேற்கிலே மரநிழல் வேண்டும். என் காணியிலே மேற்குப் புறத்திற் கொன்றையும் பூவரசும், நடுவிலே தேசியும் கறிவேப்பிலையும் அன்னமுன்னாவும், கிழக்கிலே தாழ்ந்த பூச்செடிகளும் நிற்கின்றன.

அடுத்தது காற்று. சோழகம் எழுந்துவிட்டால் மெல்லிய சிறகுள்ள உயிர் எதுவும் திறந்த வெளியில் நிலைகொள்ளாது. மதில் காற்றை மறித்து அப்பாற் சுழலச் செய்கின்றது. கதியால் வேலியோ காற்றைச் சிறிது சிறிதாக வடித்து விடுகின்றது. வேலியின் உட்புறத்தில் அமைதியான ஓர் ஒதுக்கு உண்டாகின்றது. கூட்டுப்புழுக்கள் தொங்குவதற்கு அதனினும் தக்க இடமில்லை.

மூன்றாவது நீர். எமது குடாநாட்டுக்கு ஆறில்லை. ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை பெய்யும் மாரியே சுண்ணாம்புக் கல்லினூடு இறங்கி ஆண்டு முழுதும் எமது கிணறுகளை நிரப்புகின்றது. அந்நீரை அழகுக்காக வீணாக்குதல் தகாது. எருக்கலை, ஆவரசு, கொன்றை, ஆமணக்கு ஆகியவை வேரூன்றிய பின் கோடையைத் தாங்க வல்லன. தேசிக்கும் கறிவேப்பிலைக்கும் மாலையிலே அடியில் மட்டும் நீர் வார்த்து, சருகாலே மூடிவிடுகின்றேன். குழாயை உயர்த்தி இலைமேல் நீர் அடிப்பது முட்டையையும் இளம் புழுவையும் கழுவித் தள்ளும்.

பூச்சிகளுக்கும் நீர் வேண்டும். ஆனாற் கிண்ணத்து நீரை அவை நாடுவதில்லை. கிணற்றடி ஈரமண்ணிலே ஆண் பூச்சிகள் கூட்டமாக இருந்து உறிஞ்சுவதை எவரும் கண்டிருப்பர். அவை தேடுவது மண்ணிற் கரைந்த உப்பு. அவ்வுப்பிற் பங்கை இணையும்போது பெண்ணுக்குக் கொடுக்கின்றன. அது முட்டைகளுக்கும் சேர்கின்றது. நான் ஓர் அகன்ற மண்சட்டியில் மணல் நிரப்பி, ஒரு கிள்ளுச் சாம்பலும் இட்டு, மணல் நனையுமளவுக்கு நீர் விடுகின்றேன். மேலே நீர் தேங்காதாகையால் நுளம்பு பெருக இடமில்லை. டெங்குக்கு அஞ்சும் எமது ஊர்களுக்கு இம்முறையே ஏற்றது. பக்கத்திலே நிழலில், கனிந்து விழுந்த மாம்பழமோ வாழைப்பழமோ வைத்தால், பூவை நாடாத சில இனங்களும் வந்திறங்கும்.

நாயுண்ணிச் செடியிலே தேன் மிகுதி என்பது உண்மை. ஆயினும் அது காடாகப் பரந்து ஏனைய செடிகளை அழிப்பது; புதிதாக நடுவதற்கு நான் உடன்படேன். பார்த்தீனியத்தைக் கண்டவிடத்து வேரோடு களைதல் கடமை. வேம்பு இயற்கையானது, ஆதலால் வேப்பெண்ணெய் தெளிக்கலாம் என்பாரும் உளர். புழு தோலுரிக்கும் தொழிலையே வேப்பங்கொட்டைச் சத்து தடுத்துவிடும். கத்தரிக்குப் பகையான புழுவைக் கொல்லும் மருந்து, தேசியிலுள்ள புழுவை அடையாளம் கண்டு விலகுவதில்லை.

இவ்விடத்திலே தோட்டத்தின் உண்மையான சிக்கலுக்கு வந்துவிட்டோம். வெயிலையும் காற்றையும் சமாளித்தல் எளிது. அயலவரோடு ஒத்துப்போதலே அரிது. என் காணிக்குக் கிழக்கே ஓர் அண்ணர் வெங்காயம் செய்கின்றார். தேசிக்கன்றுகளும் போட்டு விற்கின்றார். நாலாண்டுகளுக்கு முன், ஒரு சோழகப் பருவத்தின் தொடக்கத்திலே, காற்றுத் திரும்பிய ஒரு காலைப்பொழுதில் அவர் தெளித்த மருந்து வேலியைக் கடந்து வந்தது. மறுநாள் எருக்கலையிலிருந்த வரிப்புழுக்கள் அனைத்தும் கருகிச் சுருங்கி இலையோடு ஒட்டிக்கிடந்தன. ஈச்சுரமூலியிலும் அதே நிலை. மனத்தாங்கலோடுதான் அவரிடம் சென்றேன். அவரோ சினக்காமல் என்னைத் தம் கன்றுப் பாத்திக்கு அழைத்துச் சென்றார்.

“மாஸ்ரர், நீங்கள் பூச்சி வளர்க்கிறியள். நான் கண்டு வளர்க்கிறன். உங்கட பூச்சி வந்து முட்டை வைக்கிறது என்ர கண்டிலதான். பாருங்கோ, இந்த வரிசையிலை ஒரு இலை மிச்சமில்லை. பிள்ளையின்ரை படிப்புக் காசு இதுக்குள்ளைதான் கிடக்கு. மருந்தடியாமல் நான் என்ன செய்ய?”

அவர் சொன்னதிலே பொய் இல்லை. வளர்ந்த தேசிமரத்துக்கு இருபது புழுக்கள் ஒரு பொருட்டல்ல. சில கிழமைகளிலே புதுத்தளிர் விடும். பத்து இலை மட்டுமே உடைய நாற்றுக்கோ இரண்டு புழுக்களே யமன். வண்ணாத்திப்பூச்சியின் அழகைப் பற்றிப் பேசுவோர் இக்கணக்கை மறைத்துப் பேசுதல் நேர்மையன்று. இலையைப் புழுவுக்குக் கொடுக்க எனக்கு உரிமை உண்டு. அவருடைய இலையைக் கொடுக்க எனக்கு உரிமையில்லை.

அன்று மாலை வேலியின் இருபுறமும் நின்று ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். அவர் கன்றுப் பாத்தியைப் பழைய நுளம்புவலையால் மூடுவது. வலைக்குத் தப்பி உள்ளே இட்ட முட்டைகளையும் புழுக்களையும் நாள்தோறும் காலையில் இலையைத் திருப்பிப் பார்த்து நாம் எடுத்து, என் காணியிலுள்ள முதுமரத்துக்கு மாற்றுவது. மருந்து தவிர்க்க முடியாத வேளையிற் காற்றைப் பார்த்து அடிப்பது. வேலியோரத்து இரண்டு வரிசைகளுக்கு அறவே அடிப்பதில்லை என்பது. அவர் முழு நம்பிக்கையோடு இசைந்தார் என்று சொல்வதற்கில்லை. “ஒரு போகம் பாப்பம்” என்றுதான் சொன்னார்.

புழு மாற்றும் வேலையை உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் அவர் மகள் ஏற்றுக்கொண்டாள். முதற் கிழமையில் ஈர்க்கினாற் புழுவைத் தள்ளினாள். அடுத்த கிழமையில் இலையோடு கிள்ளி எடுத்தாள். பின்பு விரலில் ஏறவிட்டாள். ஒரு கொப்பியிலே நாள், செடி, எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிக்கத் தொடங்கினாள். மாற்றிய புழுக்களிற் பெரும்பாலானவை பூச்சியாகவில்லை என்பதை அவளே முதலிற் கண்டு என்னிடம் கவலையோடு சொன்னாள். சிலவற்றை முசுறு கொண்டுபோயிற்று. சிலவற்றைச் செண்பகமும் ஓணானும் தின்றன. சிலவற்றின் உடலைத் துளைத்துக்கொண்டு மிகச் சிறிய குளவிகள் வெளிவந்தன. “சேர், அப்ப குளவிதானே அப்பாவுக்கு உதவி?” என்று அவள் கேட்ட கேள்வியைத் தகப்பனாரும் கேட்டுக்கொண்டு நின்றார். மருந்து அக்குளவியையும் கொல்லும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதாயிருக்கவில்லை.

வெங்காயத்துக்கு அவர் இன்றும் மருந்து அடிக்கின்றார். அதை மறைத்துக் கதையை முடித்தல் தகாது. ஆனால் தேசிப் பாத்திக்கு அடிப்பதை மூன்றாண்டுகளாக விட்டுவிட்டார். அவ்வளவுக்கு அவருடைய கைச்செலவும் குறைந்தது. சுண்ணாம்புக் கல்லினூடு கிணற்றுக்கு இறங்கும் நஞ்சும் குறைந்தது. அக்கிணற்று நீரையே அவர் வீட்டாரும் என் வீட்டாரும் குடிக்கின்றோம்.

இத்தகைய உடன்பாடு வேலி இருந்தபடியாற் கைகூடியது. போருக்குப் பின் மீளக் குடியேறிய எமது கிராமங்களிலே மதில்கள் விரைந்து எழுகின்றன. அழிந்த வேலியை ஆண்டுதோறும் அடைக்க ஆளுமில்லை, கிடுகுமில்லை. கள்வர் அச்சமும் உண்டு. மதில் கட்டுவோரைக் குறை கூறேன். எனினும், பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் அவற்றிற் பற்றிய கொடிகளும் ஒருங்கே மறையும்போது, அவற்றை நம்பி வாழ்ந்த சிற்றுயிர்களும் ஓசையின்றி மறைகின்றன என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். மதிலின் உட்புறத்தில் ஒரு முழ அகலமேனும் மண்ணைச் சீமெந்து பூசாது விட்டு, அதிலே ஈச்சுரமூலியையும் எருக்கலையையும் நிற்க விடுவது எவராலும் இயலும்.

மாசி பங்குனியில் வெளிர்மஞ்சட் பூச்சிகள் கூட்டங்கூட்டமாக ஒரே திசை நோக்கிச் செல்வதை இலங்கையின் பல பாகங்களிலும் காணலாம். கொன்றை இனத்து இலைகளிலே வளர்ந்தவை அவை. சிவனொளிபாத மலைக்கு யாத்திரை சென்று அங்கே உயிர் விடுகின்றன என்பது பழைய நம்பிக்கை. சிங்கள மக்கள் வண்ணாத்திப்பூச்சியைச் சமனலயா என்றும், அம்மலையைச் சமனல கந்த என்றும் வழங்குவர். யாத்திரை உண்மையோ அன்றோ, வழியிலே தங்குவதற்கும் முட்டையிடுவதற்கும் அவற்றுக்குக் கொன்றையும் ஆவரசும் வேண்டும். வீதியோரத்து ஆவரசம் பற்றைகளைத் துப்புரவு என்ற பெயரால் எரிக்கும் வழக்கத்தைக் கிராம மன்றங்கள் மீளச் சிந்தித்தல் நலம்.

ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். பாடசாலைத் தோட்டமென்றால் வரிசையாகக் குரோட்டன் நட்டு வெள்ளைக்கல் அடுக்குவது என்ற வழக்கம் பல இடங்களில் உண்டு. அதிலே ஒரு மூலையை இதற்கென ஒதுக்கலாம். ஐப்பசி முதல் மழையோடு கன்று நடுவது நன்று. மாரியில் வேரூன்றிவிட்டாற் கோடையில் அதிகம் நீர் கேளாது. தேசி ஒன்று, கறிவேப்பிலை ஒன்று, வேலியோரத்தில் ஈச்சுரமூலிக் கொடி ஒன்று, எட்டத்தில் எருக்கலை ஒன்று. கிணற்றடிப் பூண்டு தானாகவே வரும். தேசிக்கும் கறிவேப்பிலைக்கும் முதல் ஓராண்டு வலைகட்டிக் காத்து, மரம் தேறிய பின்னரே புழுவுக்குத் திறந்து விடுக. இலைகள் குறையத் தொடங்கும் காலத்திலே எவரும் மருந்துப் புட்டியைத் தேடி ஓடாதிருக்க, நடும் நாளன்றே மாணாக்கருக்கு அதனைச் சொல்லிவைத்தலும் வேண்டும்.